தூக்கக்காரரின் செருப்பு

மெத்தைத் தொழிற்சாலையில் அவருக்குத் தூங்குகிற வேலை. வேலை நேரத்தில் தூங்கினார் என்று எத்தனையோ பேருக்குச் சீட்டுக் கிழிந்திருக்கிறது. வேலை நேரத்தில் தூங்கவில்லை என்று சீட்டுக் கிழியும் நிலைக்கு வந்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

சின்ன வயதில் அம்மா அவரைத் தூங்குமூஞ்சி என்று திட்டினாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் அதையே சொல்லிக் காதைத் திருகினார். காது திருகப்பட்டபோதும் அவர் தூங்கிக்கொண்டுதான் இருந்தார் என்பது வேறு விஷயம். வளர்ந்தபிறகு அதே குணத்துக்கு ஒரு முதலாளி சம்பளம் போட்டுக் கொடுத்தார். தொழிற்சாலையில் எல்லோரும் மரியாதையாகத் ‘தூக்கக்காரர்’ என்று கூப்பிட்டார்கள்.

வேலை இதுதான். புதிதாக ஒரு பஞ்சோ நாரோ ரப்பரோ வைத்துத் தைக்கும்போது, அந்த வகையில் ஒரே ஒரு மெத்தையைப் பின்கட்டு அறையில் கொண்டுபோய்ப் போடுவார்கள். காலை டீ முடிந்ததும் அவர் போய்ப் படுப்பார். எழுந்து வந்து, “இடது தோளுக்குக் கீழ நார் கட்டி தட்டியிருக்கு” என்றோ, “கால் பக்கம் கொஞ்சம் இளக்கிவிடுங்க” என்றோ சொல்வார். சொன்ன இடத்தில் சொன்ன குறை இருக்கும். ஒருமுறை தையலக்கா பெரிய ஊசியைத் தொலைத்துவிட்டு, அது எந்த மெத்தைக்குள் போனதென்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவர் வரிசையாக ஒவ்வொரு மெத்தையிலும் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு வந்து, “இதுலதான் இருக்கு. காது தலைமாட்டுப் பக்கம், முனை கால்மாட்டுப் பக்கம்” என்றார். பிரித்துப் பார்த்தார்கள். காது தலைமாட்டுப் பக்கம்தான் இருந்தது.

இன்னொருமுறை காற்றடித்து அறையின் தகரக் கூரை பறந்துபோய்ப் பக்கத்துத் தெருவில் விழுந்தது. ஆட்கள் போய் அதைத் தூக்கிவந்து, நெளிவெடுத்து, திரும்ப ஏற்றி ஆணியடித்து முடிக்கும்வரை அவர் எழவில்லை. எழுந்ததும், “மெத்தை நல்லாயிருக்கு. கொஞ்சம் ஈரம் இழுக்குது” என்று மட்டும் சொன்னார்.

அந்த அறைக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. அறிவிப்புப் பலகையும் கிடையாது. எல்லாவற்றையும் அவருடைய செருப்பே சொல்லிவிடும். செருப்பின் முனை மெத்தையைப் பார்த்திருந்தால் சோதனை நடக்கிறது, யாரும் உள்ளே போகக்கூடாது. எழுந்ததும் அதை வாசலைப் பார்த்துத் திருப்பி விட்டுவிட்டு அவர் வெறுங்காலோடு போயிருந்தால் மெத்தை தேறிவிட்டது, அந்த வகை மெத்தைகளை எல்லாம் அதோடு சேர்த்து வண்டியில் ஏற்றலாம்.

ஏற்றுகிறவர்கள் இரண்டு பேர். முன்னெல்லாம் “டேய்”, “போடா” என்று முதுகில் தட்டிக்கொண்டு வேலை பார்த்தவர்கள். ஒருவர் மகளை மற்றவர் மகனுக்குக் கொடுத்ததிலிருந்து சம்பந்திகள் ஆகிவிட்டார்கள். கல்யாணம் நடந்தது பிள்ளைகளுக்கு. அடக்க ஒடுக்கம் வந்தது இவர்களுக்கு. “முதல்ல நீங்க பிடிங்க சம்பந்தி.” “அய்யோ, நீங்க முதல்ல சம்பந்தி.” ஒருவர் செய்ததை மற்றவர் தப்பு என்று சொன்னால் அது பெண் வீடு, மாப்பிள்ளை வீடு என்று போய் நிற்கும் என்ற பயத்தில், இருவரும் எதையும் கேட்டுக்கொள்வதே இல்லை. செருப்பைப் பார்ப்பார்கள், மெத்தையைத் தூக்குவார்கள்.

இப்படி எல்லாம் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது முதலாளிக்கு முழங்கால் மக்கர் செய்தது. அவர் வீட்டோடு உட்கார்ந்துகொண்டு, பொறுப்பை மருமகனிடம் கொடுத்தார். முதலாளி அவரை “மாப்பிள்ளை” என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டுத் தொழிற்சாலை முழுவதும் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட ஆரம்பித்தது. கட்டியது ஒரு பெண்ணை. மாப்பிள்ளையானது ஒரு தொழிற்சாலைக்கே. நல்ல பிள்ளை. அதிர்ந்து பேசத் தெரியாது. காலையில் ஒவ்வொருவரிடமும் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் தன் அறைக்குப் போவார்.

வந்த புதிதில் ஒருநாள், பின்கட்டுக்குப் போய்க்கொண்டிருந்த தூக்கக்காரரைப் பார்த்து நின்றார்.

“என்ன அண்ணே, உங்களால முடிஞ்ச அளவுக்குச் செய்றீங்கல்ல?”

“செய்றேங்க மாப்பிள்ளை.”

அவ்வளவுதான் பேச்சு. மாப்பிள்ளை சிரித்துவிட்டுப் போய்விட்டார். தூக்கக்காரர் அறைக்குள் வந்து, செருப்பை மெத்தையைப் பார்த்து வைத்து, படுத்துக் கண்ணை மூடினார். கண் மூடியதும் மனசு திறந்துகொண்டது.

செய்கிறேன் என்று சொல்லிவிட்டோமே, எதை வைத்துச் சொன்னோம்?

தையலக்கா தைத்தால் தையல் அவள் கண்ணுக்குத் தெரிகிறது. பிடிக்கவில்லையென்றால் பிரித்துத் தைக்கிறாள். சம்பந்திகள் தூக்கினால் கனம் அவர்கள் தோளுக்குத் தெரிகிறது. ஆனால் தான் வேலை செய்யும்போது தான் அங்கே இருந்ததே கிடையாது. வேலை ஆரம்பிக்கும் நேரத்தில் சரியாகக் கிளம்பிப் போய்விடுகிறார். முடிந்தபிறகு வந்து சேருகிறார். இடையில் அந்த வேலையை யார் செய்தது, எப்படிச் செய்தது என்பதற்கு அவரிடம் எந்தச் சாட்சியும் இல்லை. இத்தனை வருஷமும் ஏனோதானோ என்று தூங்கிக்கொண்டிருந்திருந்தால்? இன்னும் ஆழமாகத் தூங்கியிருந்தால் இன்னும் எத்தனை கட்டிகளைக் கண்டுபிடித்திருக்கலாமோ?

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தூக்கம் வராத முதல் நாள் அதுதான்.

மறுநாள் விட்டதைப் பிடிக்க வேண்டுமென்று தீவிரமாக இறங்கினார். கண்ணை இறுக்கி மூடினார். பல்லைக் கடித்துக்கொண்டு தூங்கப் பார்த்தார். முஷ்டியை மடக்கிக்கொண்டு தூங்கப் பார்த்தார். மெத்தை நனைகிற அளவுக்கு வியர்த்ததுதான் மிச்சம். அதற்கடுத்த நாள் ஒரு யோசனை வந்தது. வேண்டுமென்றே கொஞ்சம் அசட்டையாகத் தூங்கிப் பார்த்தால், வழக்கமான தூக்கத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும் அல்லவா? காலை ஒரு பக்கமாகத் தொங்கப் போட்டுக்கொண்டு அசட்டையாகப் படுத்தார். அசட்டையாகத் தூங்குவதற்கும் தூக்கம் வேண்டும் என்பது மத்தியானத்துக்குமேல்தான் உறைத்தது.

தையலக்காவிடம் போய்க் கேட்டார். “அக்கா, நீங்க உங்களால முடிஞ்சதைச் செய்றோம்னு எப்படித் தெரிஞ்சுக்கறீங்க?”

அவள் நூலைப் பல்லில் கடித்தபடி யோசித்தாள். “கட்டைவிரல் வலிக்கும்.”

“எனக்கு எதுவும் வலிக்கலையே.”

“அப்ப நீ கொடுத்துவச்சவன். போ, எனக்கு வேலை இருக்கு.”

சம்பந்திகளிடம் கேட்டார். “என்னைவிட எங்க சம்பந்தி நல்லாச் செய்வார்” என்றார் ஒருவர். “அப்படியெல்லாம் இல்ல, எல்லாம் சம்பந்தியோட பெருந்தன்மை” என்றார் மற்றவர். அதற்குமேல் அந்தப் பக்கம் விவரம் கிடைக்கவில்லை.

சும்மா இருக்கிற சமயமாக இருந்தால் பரவாயில்லை. ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் புதிதாக ஒரு விடுதி திறக்கப் போகிறார்கள்; அதற்கான மெத்தைகள் தைத்துத் தயாராக இருந்தன. மாப்பிள்ளை பொறுப்பேற்றபின் வந்த முதல் பெரிய வேலை. நாருக்குமேல் ரப்பர் வைத்த புது வகை. தூக்கக்காரர் தூங்கி எழுந்து நல்லது என்றால் வண்டி கிளம்பும். செருப்பு நாள்கணக்கில் மெத்தையையே முறைத்துக்கொண்டு கிடந்தது. வராந்தா முழுக்க மெத்தைகள் அடுக்கடுக்காக ஏறி, ஆட்கள் பக்கவாட்டில் நடந்து போனார்கள்.

மாப்பிள்ளை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

“பரவாயில்ல அண்ணே. உடம்பு முடியலைன்னா சிரமப்படுத்திக்காதீங்க. நாங்க படிக்கிறப்போ ஆள் எடைக்கு மணல் மூட்டை கட்டி மெத்தைமேல போட்டுப் பார்ப்பாங்க. ஒண்ணு கட்டச் சொல்லியிருக்கேன். நாளைக்குச் சாயங்காலம் விடுதிக்கு வண்டி போயாகணும். அதுக்குள்ள நீங்க தூங்கிட்டீங்கன்னா நீங்க சொல்றபடி. இல்லைன்னா மூட்டை சொல்றபடி அனுப்பிடலாம். இனிமேலும் அப்படியே வச்சுக்கலாம், உங்களுக்கும் ஓய்வு.”

மூட்டை வந்து சேர்ந்தது. தலைபோல ஒரு சின்ன மூட்டை, உடம்பாக ஒரு பெரிய மூட்டை, காலுக்கு இரண்டு நீள மூட்டை. அறை மூலையில் சாய்த்து வைத்தார்கள். தூக்கக்காரர் அதைப் பார்த்தார். அதுவும் இவரைப் பார்க்கிற மாதிரி இருந்தது. படுக்கப்போட்டால் படுத்துக்கொள்ளும். தன்னால் முடிந்ததைச் செய்கிறோமா என்கிற கவலை அதன் முகத்தில் துளிக்கூட இல்லை. பிறந்ததிலிருந்து அது தன்னால் முடிந்ததை மட்டுமே செய்துவந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது பெண்டாட்டியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பஸ் நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் வேலை பார்ப்பவள். காலையிலிருந்து மாலைவரை ஊர் ஜனம் மொத்தமும் வந்து “பஸ் எப்ப வரும்?” என்று கேட்கும். “வந்துக்கிட்டே இருக்கு” என்று சொல்வாள். அவள் சொன்னபிறகு வராத பஸ் கிடையாது. சில பஸ் மறுநாள் வரும்.

“வீட்ல நல்லாத்தானே தூங்குறீங்க? ராத்திரியெல்லாம் ஓடு அதிருது” என்றாள்.

“அது சொந்தத் தூக்கம்மா. இது வேலைத் தூக்கம்.”

“ரெண்டும் ஒரே மூக்கு வழியாத்தானே வருது?”

“கிண்டல் பண்ணாத. நான் ஒழுங்காச் செய்றேனான்னு நானே பார்க்க முடியலைங்கறதுதான் பிரச்சினை. யாராவது ஒருத்தர் பார்த்துச் சொன்னா மனசு அடங்கிடும்.”

“அவ்வளவுதானே? நாளைக்கு எனக்கு லீவு. வந்து உட்கார்ந்து கண்கொட்டாமப் பார்த்துச் சொல்றேன். போதுமா?”

மறுநாள் அவளும் கூடவே வந்தாள். தையலக்கா ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவர் செருப்பை மெத்தையைப் பார்த்து வைத்துவிட்டுப் படுத்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, கால் வலிக்கிறதென்று செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கணவனைப் பார்க்க ஆரம்பித்தாள். மூலையிலிருந்து மூட்டையும் பார்த்தது.

இரண்டு பேர் பார்க்கும்போது எப்படித் தூங்குவது? அவர் ஒரு கண்ணைத் திறந்தார். “தூங்கறேனா?”

“இல்ல.”

கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப?”

“பேசறவங்க தூங்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன்.”

மூன்றாம் முறை கேட்டபோது பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தார். கன்னத்தில் வைத்த கை சரிந்து, அவள் தலை நாற்காலி முதுகில் சாய்ந்திருந்தது. வாரம் முழுக்க ஊருக்கே பதில் சொன்ன களைப்பு. கழுத்து வலிக்குமே என்று அவர் எழுந்து, அவளை மெல்ல அணைத்து நகர்த்தி மெத்தையில் படுக்கவைத்தார். அவள் “ஏழாம் நம்பர் மேடைக்குப் போங்க” என்று முனகிவிட்டு ஒருக்களித்துக்கொண்டாள்.

இப்போது அவர் நாற்காலியில், அவள் மெத்தையில். இத்தனை வருஷம் அந்த அறையில் வேலை பார்த்தவர், அந்த வேலை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார். பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. நெற்றியிலிருந்த சுருக்கம் போனது. விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. வாய் லேசாகத் திறந்தது. அவள் எதையும் செய்கிற மாதிரியே தெரியவில்லை, ஆனால் வேலை ஜரூராக நடந்துகொண்டிருந்தது. அடிக்கடி வலதுபக்கத்திலிருந்து இடதுபக்கமாகப் புரண்டாள். வீட்டிலும் அப்படித்தான், தன் பக்கம் முதுகைக் காட்டித்தான் படுப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

எழுந்தால் டீ கேட்பாளே என்று, தன் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனார்.

அறையில் மிஞ்சியது அவளுடைய செருப்பு மட்டும். நாற்காலியில் உட்கார்ந்து கழற்றியதால் அது, உலகத்தில் உள்ள எல்லாச் செருப்பையும்போல, கழற்றியவள் முகம் பார்த்த பக்கமே பார்த்திருக்க வேண்டும். ஆனால் அவளை மெத்தைக்கு நகர்த்தியபோது அவர் கால் பட்டு அது அரை வட்டம் சுற்றியிருந்தது. இரண்டும் ஒழுங்காக, பக்கத்தில் பக்கத்தில், வாசலைப் பார்த்துக் கிடந்தன.

டீக்கடையில் பால் வரும்வரை காத்திருந்து, வெகுநேரம் கழித்து அவர் இரண்டு கிளாஸ் டீயோடு திரும்பி வந்தபோது அறையில் நாற்காலி இருந்தது, மூட்டை இருந்தது, செருப்பு இருந்தது. மெத்தை இல்லை. வராந்தாவைப் பார்த்தார். அங்கேயும் ஒரு மெத்தை இல்லை. காற்று நன்றாக வந்தது.

“அக்கா! மெத்தையைக் காணோம்!”

தையலக்கா ஓடி வந்தாள். அறையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்திருந்த செருப்பைப் பார்த்தாள், அவரையும் டீயையும் பார்த்தாள். “உன் வீட்டுக்காரி எங்க?”

“அவ மெத்தைமேலதான் இருந்தா.”

சொன்ன பிறகுதான் அவருக்கே விளங்கியது.

மாப்பிள்ளை ஸ்கூட்டரை எடுத்தார். தூக்கக்காரர் பின்னால் ஏறினார். அவளுடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டார். ஏன் எடுத்துக்கொண்டார் என்று கேட்டால் தெரியாது. ஏதாவது ஒன்றையாவது பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்போல இருந்தது. ஏரிக்கரைப் பாதையில் மேடு பள்ளம் வரும்போதெல்லாம், “மெதுவா ஓட்டியிருப்பாங்க அண்ணே” என்று மாப்பிள்ளை ஆறுதல் சொன்னார்.

விடுதி வாசலிலேயே விடுதிக்கார அம்மா நின்றுகொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

“சத்தம் போடாதீங்க. தூங்கறாங்க.”

மாடியில் முதல் அறையில், புதுக் கட்டிலில், அதே மெத்தையில் அவள் படுத்திருந்தாள். யாரோ போர்வை வேறு போர்த்திவிட்டிருந்தார்கள். விடுதியில் வேலை பார்க்கிறவர்கள் நுனிக்காலில் நடந்துகொண்டிருந்தார்கள். சுவரோரமாகச் சம்பந்திகள் இருவரும் கைகட்டி நின்றார்கள்.

“ஏங்க, தூக்கும்போது ஆள் இருக்கறது தெரியலையா?” என்று தூக்கக்காரர் கிசுகிசுத்தார்.

“தெரிஞ்சுது” என்றார் ஒருவர். “சம்பந்தி ஒண்ணும் சொல்லலையேன்னு விட்டுட்டேன்.”

“நீங்க தூக்குனதும்தான் சம்பந்தி, சரி, இது புது ஏற்பாடு போலன்னு நானும் தூக்கினேன்” என்றார் மற்றவர்.

“கனமா இருக்குமே.”

“சம்பந்தி கேட்டார், கனமா இருக்கான்னு. பூ மாதிரி இருக்கு சம்பந்தின்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?”

விடுதிக்கார அம்மா மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். “பொருளைக் காட்டறதுன்னா இப்படிக் காட்டணும் தம்பி. மத்த கம்பெனிக்காரங்க படம் காட்டினாங்க. நீங்க ஆளையே தூங்க வச்சு அனுப்பிட்டீங்க. வண்டியில வந்து, மாடி ஏறி, இன்னும் கண்ணு முழிக்கலையே. எல்லா மெத்தையையும் இறக்கச் சொல்லிட்டேன்.”

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று மூடிக்கொண்டார். படித்தவர்.

அப்போது போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. “என்னங்க, வந்துட்டீங்களா? இடுப்புக்கிட்ட ஒரு முடிச்சு இருக்கு.”

மாப்பிள்ளையின் முகத்தில் அப்போதுதான் ஏறிய ரத்தம் அப்படியே இறங்கியது.

“முடிச்சா?” என்றார் விடுதிக்கார அம்மா.

“முடிச்செல்லாம் இல்லைங்க” என்று தூக்கக்காரர் குனிந்து கையால் அழுத்திப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. “அது உன் பழக்கம். வீட்லயும் நீ அந்தப் பக்கம்தான் புரளுவே.”

“வீட்ல நான் அந்தப் பக்கம் புரள்றது உங்க குறட்டைக்காக. இங்க புரண்டது முடிச்சுக்காக.”

“இல்லவே இல்ல.”

“கையால தடவினா தெரியாது. படுத்துப் பாருங்க.” அவள் எழுந்து இடம் விட்டாள்.

“படுத்தா மட்டும் வந்துடுமா?”

“படுங்கன்னா.”

வந்த ரோஷத்தில் செருப்பைக் கழற்றினார். கை பழக்கத்தில் அதை மெத்தையைப் பார்த்துத் திருப்பி வைத்தது. அவ்வளவுதான், சம்பந்திகள் இருவரும், “வாங்க, வாங்க, வெளிய போயிடலாம்” என்று விடுதிக்கார அம்மா உட்பட எல்லோரையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

படுத்தவர் மனசில் அப்போது இருந்தது ஒன்றே ஒன்று. பெண்டாட்டி சொன்னது தப்பு என்று காட்ட வேண்டும். ஒரு ஆண்பிள்ளையின் மனசை இந்த அளவுக்கு ஒருமுகப்படுத்தக்கூடிய எண்ணம் வேறு கிடையாது. முடிந்ததைச் செய்கிறோமா, மூட்டை என்ன நினைக்கும், மாப்பிள்ளை என்ன சொல்வார் என்பதெல்லாம் இருந்த இடம் தெரியவில்லை. முடிச்சு இல்லை, முடிச்சு இல்லை என்று இடுப்பை அங்கே இங்கே நகர்த்திப் பார்த்தார். பிறகு அவர் அங்கே இல்லை.

திரும்பி வந்தபோது வெயில் ஜன்னலை விட்டு இறங்கிப் போயிருந்தது. எல்லோரும் வெளியே படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஏரியில் ஒரு கொக்கு அசையாமல் நின்றது. அவர் முகத்தைத் துடைத்தபடி வந்து நின்றார்.

“முடிச்சு இருக்கு” என்றார். “ஆனா இடுப்புல இல்ல. ஒரு சாண் கீழ. நாரைச் சேர்த்துக் கட்டற நூல் அடியில சுண்டியிருக்கு. எல்லா மெத்தையிலயும் அதே இடத்துல இருக்கும்.”

“ஒரு சாண்தானே தள்ளியிருக்கு?” என்றாள் அவள். “அதுக்கா இவ்வளவு நேரம்?”

மாப்பிள்ளை விடுதிக்கார அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா டீ கிளாஸைக் கீழே வைத்தார். “நான்தான் நல்லாயிருக்குன்னு சொல்லிட்டேனே. பேசாம இருந்திருந்தா எனக்கு எப்பத் தெரியப் போகுது? எடுத்துட்டுப் போய்ச் சரிபண்ணிக் கொண்டுவாங்க, அவசரம் இல்ல. ஆனா கொண்டுவரும்போது இந்த அம்மாவை மேல வச்சே கொண்டுவாங்க.”

மெத்தைகளைத் திரும்ப ஏற்றும்போது தூக்கக்காரர் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டார். பல நாளாக நெஞ்சில் கிடந்ததை இறக்கிவைக்க வேண்டியிருந்தது.

“அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு நான் தப்பாப் பதில் சொல்லிட்டேன் மாப்பிள்ளை.”

“என்ன கேட்டேன்?”

“முடிஞ்ச அளவுக்குச் செய்றீங்களான்னு. செய்றேன்னுட்டேன். எனக்கு எப்படிங்க தெரியும்? நான் அங்க இருந்ததே இல்ல.”

மாப்பிள்ளை ஏரியைப் பார்த்தார். “அதுவா அண்ணே? அது எல்லார்கிட்டயும் கேப்பேன். வேற என்ன பேசறதுன்னு தெரியாம.” கொஞ்சம் தயங்கினார். “மாமா தினமும் போன்ல என்கிட்ட அதைத்தான் கேக்கறார். முடிஞ்ச அளவுக்குச் செய்றீங்களா மாப்பிள்ளைன்னு. செய்றேன் மாமான்னு சொல்லிட்டு வச்சிடுவேன். வச்சதுக்கப்புறம் சோறு இறங்காது.”

“தூக்கம்?”

“அதுவும்தான்.”

தெரியாத விஷயம் தெரியாததாகவே இருந்தது. ஆனால் துணைக்கு ஆள் கிடைத்ததில் இரண்டு பேருக்கும் இதமாக இருந்தது.

திரும்பும்போது வண்டியின் பின்பக்கம், அடுக்கிய மெத்தைகளின் உச்சியில் கணவனும் மனைவியும் உட்கார்ந்துகொண்டார்கள். அந்தி வெளிச்சத்தில் மரக்கிளைகள் தலையை உரசிக்கொண்டு போயின. அவர் அவளிடம் செருப்பைக் கொடுத்தார். அவள் வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

“மாப்பிள்ளை சொன்னார்” என்றாள். “முதல்ல எதைக் காணோம்னு கத்துனீங்களாம்?”

அவர் மரத்தைப் பார்த்தார்.

“பரவாயில்ல. மெத்தை கம்பெனிச் சொத்து” என்று அவளே முடித்தாள்.

“நீ எப்ப முழிச்ச?”

“தூக்கும்போதே முழிச்சுட்டேன்.”

“அப்புறம் ஏன் எழுந்திருக்கல?”

“எழுந்திருக்கத்தான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து அவர் பூ மாதிரி இருக்குன்னார். அதுக்கப்புறம் எப்படி எழுந்திருக்கறது?”

அவர் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, கேட்டேவிட்டார். “நான் தூங்கறதைப் பார்த்தியா? எப்படி இருந்தது?”

“கதவைத் திறந்து பார்த்தேன். வாய் திறந்திருந்தது. கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்.”

“நல்லாச் செஞ்சேனா? அதைவிட நல்லாச் செஞ்சிருக்க முடியுமா?”

“அதுக்கெல்லாம் விசாரணைக் கவுண்டர்ல தகவல் இல்ல” என்றாள் அவள், பஸ் நிலையக் குரலில். பிறகு அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

தையலக்கா முணுமுணுத்துக்கொண்டே எல்லா முடிச்சையும் அவிழ்த்து மாற்றினாள். விடுதி திறந்தது. மணல் மூட்டையைப் பின்கட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்தார்கள். அந்த வேலையையும் அது தன்னால் முடிந்த அளவுக்குச் செய்கிறது. மாப்பிள்ளை இப்போது காலையில் எல்லோரிடமும், “டீ ஆச்சா?” என்று கேட்கிறார். அதற்குப் பதில் சொல்வது யாருக்கும் கஷ்டமாக இல்லை. தூக்கக்காரருக்கு அந்தப் பழைய கேள்வி இன்னமும் எப்போதாவது படுக்கும் நேரத்தில் வரத்தான் செய்கிறது. வந்தால் விரட்டுவதில்லை. பூனைக்கு ஒதுங்குவதுபோல் கொஞ்சம் தள்ளிப் படுத்து இடம் விடுகிறார். அது சுருண்டு படுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் அவருக்கு முன்னால் அதுதான் தூங்கிப்போகிறது.

பெண்டாட்டிக்கு லீவு வரும் நாட்களில் அவளும் வருகிறாள். பார்த்துச் சொல்வதற்குத்தான் வருகிறாள், பாவம், உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவளும் சாய்ந்துவிடுகிறாள். அந்த நாட்களில் மெத்தை அருகே இரண்டு ஜோடிச் செருப்பு கிடக்கும். அவருடையது மெத்தையைப் பார்த்து. அவளுடையது, எப்படிப் போட்டாலும், வாசலைப் பார்த்து.

சம்பந்திகள் கதவருகே வந்து நிற்பார்கள். இரண்டு ஜோடியையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

“நீங்க என்ன நினைக்கிறீங்க சம்பந்தி?”

“நீங்க சொன்னாச் சரியா இருக்கும் சம்பந்தி.”

“அய்யோ, நீங்க சொல்லுங்க.”

சாயங்காலம்வரை அங்கேயே நிற்பார்கள்.